மேல் ஏரி எத்தனை டிகிரி?

ஏரிக்கரைக் குடில்
ஜூன் 4
தண்ணீர்: மேல் ஏரி 6 டிகிரி, கீழ் ஏரி 9

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, முதுகு மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது. கழுதைக்காரர் என் மூட்டையை இறக்கிவிட்டு, "போன வருஷத்தைவிட கழுதைக்கு பாரம் கம்மிதான். உனக்குத்தான் மூச்சு ஜாஸ்தி வாங்குது" என்றார். வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவருவார், கடிதம் கொண்டுபோவார். இங்கே போனில் சிக்னல் கிடையாது. ஆகவே "போன் எடுக்கவே மாட்டேங்கறா" என்று அம்மாவிடம் கோள் மூட்டாதே.

கடிதத்தின் தலையில் அளவு போட்டிருப்பதைப் பார்த்தாயா? அப்பா அணையில் வேலை பார்த்த காலத்தில், "நலம்" என்று எழுதுவதற்கு முன்பே நீர்மட்டத்தை எழுதிவிடுவார். அதைப் பார்த்தே அம்மா, "இந்த மாசம் லீவு கிடைக்காது" என்று சொல்லிவிடுவாள். அந்த வியாதி நம் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு மட்டம், நமக்குச் சூடு.

இந்த வருடம் எனக்கு வந்த கோபத்தைக் கேள். ஏரியின் பனி உடையும் நாளைப் பார்க்கத்தான் நான் ஜூன் முதல் வாரத்தில் ஏறுகிறேன். இந்த முறை உடைய ஒன்றுமே இல்லை. எல்லாம் முன்பே கரைந்து, தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. மே மாதமே போகிறேன் என்று மூன்று தடவை கெஞ்சினேன். பயணக் கோப்பு பேராசிரியர் மேசையில் தூங்கியது. கேட்டால், "இயற்கை உன் தேதிக்காகக் காத்திருக்காதும்மா" என்கிறார். இயற்கை காத்திருக்காது என்பதுதானே ஐயா என் ஆய்வு!

ஒரே மலையில் இரண்டு ஏரியை எதற்கு அளக்கிறாய் என்று போன வருடம் கேட்டாய். நாம் பிறப்பதற்கு முன்பு யாரோ தூண்டில்காரர்களுக்காகக் கீழ் ஏரியில் மீன் விட்டார்கள். அது வருடா வருடம் பச்சையாகிக்கொண்டு வருகிறது. மேல் ஏரிக்கு நடுவில் அருவி இருப்பதால் மீன் ஏற முடியவில்லை. அங்கே எந்தக் காலத்திலும் மீன் இருந்ததில்லை. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். கீழ் ஏரி பச்சையாவதில் சூட்டின் பங்கு எவ்வளவு, மீனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மீனே இல்லாத ஓர் ஏரி வேண்டும். இந்த வட்டாரத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

அம்மாவின் மூட்டுவலிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாயா?

உன்
வாண்டு


மீன் பொரிப்பகம்
ஜூன் 16
தண்ணீர்: ஆற்றிலிருந்து தொட்டிக்கு வருவது 17 டிகிரி

அன்புள்ள வாண்டு,

மருந்து வாங்கியாயிற்று, சாப்பிடத்தான் ஆள் இல்லை. அம்மா உன்னைப் பற்றிச் சொல்வது: "இருபத்தெட்டு வயசாச்சு, இன்னும் பூச்சி எண்ணிட்டிருக்கா." என்னைப் பற்றிச் சொல்வது: "பெரியவளாவது பரவாயில்ல, மீன் எண்ணுறா. மீனுக்கு ஒரு விலை இருக்கு." ஆக நம் வீட்டில் எனக்குத்தான் மதிப்பு. பொறாமைப்படாதே.

17 என்று பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். ஜூனில் இங்கே 13-க்கு மேல் நான் பார்த்ததில்லை. நாங்கள் முட்டையிலிருந்து பொரித்து வளர்க்கும் ட்ரவுட் குளிர்நீர் மீன். 20-ஐத் தாண்டினால் தண்ணீரில் மூச்சுக்காற்று போதாமல் செவுளை விரித்துக்கொண்டு மேலே வந்து வாயைத் திறக்கும். இப்போதே மதியத்தில் சில திறக்கின்றன. இங்கே வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரும் மாற்றி மாற்றித் தொட்டிமேல் தார்ப்பாய் கட்டுகிறோம். நேற்று ஐஸ் கம்பெனி லாரியை வரவழைத்தேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிற மீனுக்கு ஐஸ் வைக்கிறதை இப்பதான் மேடம் பாக்கறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மேல் ஏரியின் ஆழத்தில் எத்தனை டிகிரி இருக்கும்? கோடை முழுக்க அப்படியே நிற்குமா? எழுது. படிக்கும்போதாவது எனக்குக் குளிரட்டும்.

அன்புடன்,
அக்கா


ஏரிக்கரைக் குடில்
ஜூன் 28
தண்ணீர்: மேல் ஏரி 9 டிகிரி, கீழ் ஏரி 14

அன்புள்ள அக்கா,

நன்றாகக் குளிர்ந்துகொள். மேல் ஏரியில் பத்து மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி. போன மூன்று வருடமும் கோடை முழுக்க 6-ஐத் தாண்டவில்லை. காற்று கரைந்திருக்கும் அளவும் பிரமாதம். பின்பக்கத்தில் எல்லா அளவுகளையும் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுப் போர்வை கேட்காதே.

பச்சைத்துளி இல்லாத தண்ணீர் அது. படகிலிருந்து குனிந்தால் அடியிலுள்ள கல் தெரியும். நடுவில் சிவப்பாக, மிளகாய் விதையைவிடச் சின்னதாக உயிர்கள் துள்ளித் துள்ளிப் போகும். என் நீர்ச்சிவப்பிகள். இந்த உயரத்து வெயில் சுடாமல் இருக்க உடம்பில் சிவப்பைப் பூசிக்கொண்டிருக்கின்றன. பாசியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது இவைதான். மீன் உள்ள ஏரியில் இந்தச் சிவப்பே ஆபத்து, பளிச்சென்று கண்ணில் பட்டுவிடும். கீழ் ஏரியில் நான்கு வருடமாக வலை வீசுகிறேன், ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

பேராசிரியர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? பணம் குறைவாம், மேல் ஏரியை விட்டுவிடலாமாம், "ஒரு ஏரி போதும்." ஒன்றும் நடக்காத ஏரியில் அளக்க என்ன இருக்கிறது என்கிறார். ஒன்றும் நடக்காததால்தான் அது வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? சாமான் செலவில் பாதியை என் உதவித்தொகையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மேல் ஏரியைத் தொடாதீர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

உன் மீன்கள் எப்படி இருக்கின்றன? அந்தக் கிழிந்த துடுப்புக் கிழவி மீன் இன்னும் உன் கையில்தான் தின்கிறதா?

உன்
வாண்டு


மீன் பொரிப்பகம்
ஜூலை 11
தண்ணீர்: 22 டிகிரி

அன்புள்ள வாண்டு,

அதிகம் எழுத நேரமில்லை. மூன்று தொட்டி போய்விட்டது. வாளியில் அள்ளினோம், பிறகு வாளி போதாமல் தள்ளுவண்டியில் அள்ளினோம். விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் போயின. மிச்சம் தாய் மீன்கள் நானூறு. அவையும் போனால் அடுத்த வருடம் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் பொரிப்பகம் எதற்கு என்று பூட்டிவிடுவார்கள்.

இயக்குநர் வந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்தார். ஒரு வழி செய்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன். கிழவி இருக்கிறது.

அக்கா


ஏரிக்கரைக் குடில்
ஜூலை 20

குளிர்நீர் மீன் பொரிப்பக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் செய்திருக்கும் வழியை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கீழ் ஏரியில் படகில் இருந்தேன். காட்டுத்தீ அணைக்கும் ஹெலிகாப்டர் ஒன்று, தண்ணீர் அள்ளும் பெரிய வாளியைத் தொங்கவிட்டபடி தலைக்கு மேலே போனது. எங்கோ தீ என்று நினைத்தேன். அது மேல் ஏரிக்குமேல் போய் நின்றது. அருவிப் பாதையில் ஓடினேன். நான் ஏறி முடிப்பதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது. வெள்ளி வெள்ளியாக மீன் கொட்டியது. உள்ளே இருந்த ஆள் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை காட்டினான். நான் வரவேற்க ஓடிவந்தேன் என்று நினைத்திருப்பான். மூன்று நடை போய் வந்தார்கள். மூன்று நடையும் கை காட்டினான்.

மீன் விடும் உத்தரவின் நகல் நேற்றுக் கழுதைமேல் வந்தது. "மேல் ஏரியின் நீர் வெப்பநிலை, கரைந்துள்ள காற்று ஆகியவை அங்கு பணிபுரியும் ஆய்வு மாணவியின் அளவீடுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளன" என்று இருக்கிறது. கீழே தங்கள் கையெழுத்து. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத்தில் நானே எழுதி அனுப்பியவை.

எதற்காகக் கேட்டாய் அக்கா? "படிக்கும்போதாவது குளிரட்டும்" என்றாயே. நான் குளிரடிக்க எழுதினேன், நீ இடம் பார்க்கப் படித்தாயா? மீன் இல்லாத ஒரே ஏரி என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன். மூன்று கோடை, ஒரு வசந்தம், இரண்டு கால் விரல் நகம் அந்த ஏரிக்குப் போயிருக்கின்றன. உனக்கு அது காலித் தொட்டி!

தலையில் அளவு எழுதவில்லை. இனி எழுதவும் மாட்டேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி


மீன் பொரிப்பகம்
ஜூலை 29
தண்ணீர்: 21 டிகிரி. நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதுவேன்.

வாண்டு,

"தாங்கள்", "தங்கள்" எல்லாம் உன் பேராசிரியரிடம் வைத்துக்கொள். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான்.

உன் கோபம் நியாயம். என் கோபத்தையும் கேள். நீ நான்கு வருடமாகச் சூடு ஏறுகிறது, ஏறுகிறது என்று எழுதுகிறாய். ஏறியது. யார் தலையில் ஏறியது? என் தொட்டியில். நீ அளந்தாய், நான் அள்ளினேன். செத்த மீனின் வாடை தலைமுடியில் ஏறி, அம்மா என்னைத் தனித்தட்டில் சாப்பிடச் சொன்னாள். பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மலையில் குளிர்ந்த தண்ணீர் ஓரிடத்தில்தான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். நானூறு மீனை அங்கே கொண்டு வைக்காமல், உன் ஆய்வு முடியட்டும் என்று சாகவிட வேண்டுமா?

மனு எழுதியது நான்தான். "இலையுதிர் காலம் வரை தற்காலிகமாக" என்று எழுதினேன். இயக்குநரும் ஒப்புக்கொண்டார். ஆறு குளிர்ந்ததும் வலை போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதம், அவ்வளவுதான். உன் பூச்சிகளை நான்கு தின்றால் என்ன குடிமுழுகிப் போகும்?

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இதை மறைக்கவில்லை.

உன் கடிதத்தை இயக்குநரிடம் படித்துக் காட்டியதும் உண்மை. மோசம் செய்ய அல்ல. "யாரு எழுதினது, இவ்வளவு துல்லியமா?" என்றார். "என் தங்கச்சி சார்" என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை நீ பார்க்கவில்லை.

அக்கா


ஏரிக்கரைக் குடில்
ஆகஸ்ட் 12

அக்கா,

நான்கு தின்றால் என்ன என்று கேட்டாய். நேற்று மேல் ஏரியில் பத்து இடத்தில் வலை வீசினேன். வழக்கமாக ஒரு வீச்சுக்கு ஒரு ஸ்பூன் சிவப்பு வரும். பத்து வீச்சையும் சேர்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்று இருந்தது. அதுவும் ஓரமாக ஒடுங்கி நின்றது. கரைக் கல்லில் வழுவழுப்பு தட்டத் தொடங்கிவிட்டது. உன் மீன்கள் நன்றாக இருக்கின்றன. கொழுத்திருக்கின்றன.

பேராசிரியருக்குத் தகவல் அனுப்பினேன். அவர் பதில்: "அதிர்ஷ்டசாலி நீ. மீனுக்கு முன், மீனுக்குப் பின் என்று அருமையான ஒப்பீடு. இதுக்குத்தான் பெரிய இதழ்ல இடம் கிடைக்கும்." வீடு எரிந்தவனிடம் வெளிச்சம் நன்றாக இருந்ததா என்று கேட்கிற மனுஷர். அந்தக் கட்டுரையை நான் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். உதவித்தொகையைப் பற்றி "யோசிக்க வேண்டியிருக்கும்" என்கிறார். யோசிக்கட்டும்.

உன் "தற்காலிகம்" எங்கே இருக்கிறது? உத்தரவை நான் நான்கு தடவை படித்துவிட்டேன். அந்தச் சொல்லே அதில் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் "ஆண்டுதோறும் மீன் விடப்படும்" என்றுதான் இருக்கிறது. அதற்கடியிலும் உன் கையெழுத்து. கழுதைக்காரர் பாதையின் தொடக்கத்திலிருந்து ஒரு விளம்பரத்தாளும் கொண்டுவந்தார். மேல் ஏரியில் தூண்டில் போட அடுத்த கோடையிலிருந்து அனுமதிச் சீட்டாம். இத்துடன் வைத்திருக்கிறேன். அருவி ஓரமாகப் படிக்கட்டும் கட்டப் போகிறார்களாம்.

நீ படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாயா, படிக்காமல் போட்டாயா? எது உண்மையானாலும் எனக்கு ஆறாது. ஆனாலும் தெரிய வேண்டும்.

ஒரு விஷயம் உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். குளிர் தொடங்கியதும் அவை முட்டையிட ஓடை வாய்க்கு வரும். ஒரு முறை இட்டுவிட்டால் இந்த ஏரி உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

தங்கை


மீன் பொரிப்பகம்
ஆகஸ்ட் 24
தண்ணீர்: 18 டிகிரி

வாண்டு,

படிக்காமல் போட்டேன். செத்த மீனை ஏற்றிக்கொண்டிருந்தபோது தாளை நீட்டினார்கள். கையைத் துடைக்கக்கூட இல்லை. முதல் பக்கம் என் மனு மாதிரியே இருந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், திரும்ப எடுக்கிறதுன்னுதானே பேச்சு?"

"யாரு இல்லன்னா? எடுப்போம்மா. தூண்டில்ல எடுப்போம். காசு குடுத்து ஏறி வந்து, அவங்களே எடுத்துட்டுப் போவாங்க."

"அந்த ஏரியில ஆராய்ச்சி நடக்குது சார்."

"நடக்கட்டுமே. உங்க தங்கச்சிக்கும் ரெண்டு மீன் பிடிச்சுக்கச் சொல்லுங்க. பாவம், அங்க என்ன சாப்பிடுதோ."

அறையிலிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

மேலிடத்துக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். பதிலாக மாற்றல் வந்திருக்கிறது: மீன் அங்காடியில் தராசு சரிபார்க்கும் அலுவலகம். ஒன்றாம் தேதி சேர வேண்டும். விடுப்பு கேட்டேன், என்னைக் கண்ணில் படாமல் வைத்தால் போதும் என்று உடனே கொடுத்துவிட்டார்கள். ஆனால் மாதக் கடைசி வரைக்கும் நான்தான் மேலாளர். பழைய மனுவில் "வலை போட்டுத் திரும்ப எடுக்க" என்று இயக்குநரே கையெழுத்திட்ட தாள் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டிக் கிடங்கிலிருந்து செவுள் வலை ஆறு எடுத்துவிட்டேன். சனிக்கிழமை கழுதையோடு ஏறுகிறேன்.

வலையில் மாட்டிய மீனை உயிரோடு கீழே கொண்டுவர வழியில்லை. தெரிந்துதான் வருகிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை, மீனை எடுக்க வருகிறேன். எனக்குப் படுக்க இடம் மட்டும் வை.

அக்கா


தராசு ஆய்வு அலுவலகம்
அக்டோபர் 2
தண்ணீர்: கைகழுவும் குழாய், 24 டிகிரி

அன்புள்ள வாண்டு,

இங்கே அளக்க வேறு தண்ணீர் இல்லை. வெப்பமானியைக் குழாயடியில் பிடித்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர், "காய்ச்சலா மேடம், யாருக்கு?" என்றார்.

காலையிலிருந்து மாலை வரை தராசுகள். எல்லாத் தராசும் கடைக்காரன் பக்கமே சாய்கின்றன. எழுதிக் கொடுத்தால், "புதுசா வந்திருக்கீங்க, போகப் போகப் புரிஞ்சுப்பீங்க" என்கிறார்கள். நான் புரிந்துகொள்ளப் போவதில்லை. பொரிப்பகத்தில் என் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பன்னிரண்டு பேரில் ஏழு பேரை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மனைவி அங்காடியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபமும் நியாயம்தான். யாருடைய கோபம்தான் நியாயமில்லை?

மூன்று வாரம் ஒரே படகில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நீ என்னிடம் பேசியது "இழு", "விடு", "கயிறைப் பிடி." குடிலில் எனக்கு நல்ல கட்டிலைக் கொடுத்துவிட்டு நீ பலகையில் படுத்தாய். அதையும் பேசாமலே செய்தாய். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிழவி வலையில் வந்த அன்று, நீ என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அதை வலையிலிருந்து எடுத்துச் சாக்கில் போட்டாய். கிழிந்த துடுப்பு உன் முழங்கைக்குக் கீழே தெரிந்தது. பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

நானூறை எண்ணி விட்டவள் நான். எண்ணி எடுத்தவளும் நான். ஏழு குறைகிறது. கவனமாகக் கேள்: இந்த மாதம் முழுக்க வலையை நடுவில் போடாதே. ஓடை வாயில், முழங்கால் ஆழத்தில், குறுக்கே போடு. சரளைக் கல் இருக்கும் பக்கம்தான் வரும். பெண் மீன் பொழுது சாயும் நேரத்தில் வரும்.

ஏரியடிச் சேற்றை என் பொரிப்புத் தட்டில் போட்டுக் குடில் மூலையில் வைத்துவிட்டு வந்தேனே, அதைத் தினமும் பார்க்கிறாயா? நீர்ச்சிவப்பியின் முட்டை சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும் என்று நீதான் போன வருடம் எழுதினாய். முட்டை பொரிக்க வைப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. தண்ணீரைக் கலக்காதே, வெளிச்சத்தில் வைக்காதே, பொறுமையாக இரு. கடைசியாகச் சொன்னது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

அனுமதிச் சீட்டு அறிவிப்பை இன்னும் திரும்பப் பெறவில்லை. நான் மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை வாரம் ஒன்றாக எழுதுவேன். என்னை இதைவிடக் கீழே எங்கே மாற்றுவார்கள்?

மேல் ஏரி எத்தனை டிகிரி என்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா


ஏரிக்கரைக் குடில்
அக்டோபர் 19

அக்கா,

ஓடை வாயில், சரளைப் பக்கம், குறுக்கே போட்டேன். நேற்று மாலை ஒன்று வந்தது. வயிறு நிறைய முட்டை. இன்னும் இடவில்லை. மிச்சம் ஆறு.

தட்டைத் தினமும் பார்க்கிறேன். ஒன்றும் அசையவில்லை. கலக்கவுமில்லை.

இறங்கி வரச் சொல்லிப் பேராசிரியர் இரண்டு தடவை ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். முகாமை மூடியாயிற்றாம், இந்த மாதத்திலிருந்து உதவித்தொகை கிடையாதாம். மீதி ஆறையும் எடுக்காமல் இறங்கமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். கழுதைக்காரர், "பனி விழுந்துட்டா நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று திட்டிவிட்டு, இரண்டு வாரத்துக்கு வேண்டிய சாமானை வைத்துவிட்டுப் போகிறார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. படகில் உன்னிடம் பேச நிறைய இருந்தது. எல்லாம் திட்டுத்தான். அதனால்தான் பேசவில்லை. நீ பாட்டுக்கு உன் மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய், அப்போது எப்படித் திட்டுவது?

அம்மாவிடம் நான் எண்ணுவது இப்போது மீன் என்று சொல். மதிப்பு கூடும்.

மேல் ஏரி 4 டிகிரி. ஓரத்தில் கண்ணாடி மாதிரி பனி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

இது உனக்கு மட்டும்.

வாண்டு